விண்மீனைப் படித்த மேகநாத் சாகா

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், சட்டமும் பொருளியலும் கற்றுச் சமூகத்தை உயர்த்திய பெருமக்களை நன்றியுடன் நினைவு கூர்கிறோம். அவர்களோடு சேர்த்து எண்ணத்தக்க அறிவியலறிஞர் ஒருவரை நம் இளைஞர்களுள் பலர் இன்னும் அறியார். அவரே மேகநாத் சாகா. அணுவின் இயல்பைக் கொண்டு விண்மீன்களின் இயல்பை அளந்தறியும் வழியை உலகுக்குக் காட்டியவர் அவர். அவருடைய வாழ்க்கையைக் கூறும்போது அணுவைப் பற்றியும் பொருளின் நிலைகளைப் பற்றியும் கூறாமல் இருக்க இயலாது. ஆகவே இக்கட்டுரையில் இரண்டையும் சேர்த்தே காண்போம். பள்ளியில் பயிலும் சிறுவர் சிறுமியரும் படித்து விளங்கிக்கொள்ளுமாறு எளிய முறையில் கூற முயல்கிறோம்.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

மேகநாத் சாகா 1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில், டாக்கா மாவட்டத்துச் சியோரத்தலி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் உள்ளது. தந்தையார் ஜகந்நாத் சாகா ஒரு சிறிய மளிகைக் கடை நடத்தி வந்தார். தாயார் புவனேசுவரி தேவி. எட்டு மக்களுள் மேகநாத் ஐந்தாமவர். கடையின் வருவாய் குடும்பத்தின் உணவுக்கே போதாது. எனவே தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டு மகன் கடையில் அமர வேண்டும் என்பதே தந்தையாரின் எண்ணமாக இருந்தது. அவரைக் குறை கூறுவதற்கில்லை. தறியடியிலும் பட்டறையிலும் பிள்ளைகளின் கையுதவியை எதிர்பார்த்து வாழ்ந்த பெற்றோரை நம் இளம்பிள்ளைப் பகுதியும் நன்கறியும்.

சாகா என்பது வங்காளத்தில் வணிகம் செய்து வந்த ஒரு சமூகத்தின் பெயர். அது பட்டியல் சாதிகளுள் ஒன்றன்று. எனினும் மேல்சாதியினர் எனப்பட்டோர் அதனைத் தாழ்ந்ததாகவே கருதினர். உடனிருந்து உண்பதும் வழிபாட்டில் ஒப்ப நிற்பதும் அச்சமூகத்தார்க்கு மறுக்கப்பட்டன. நம் முன்னோர் பட்ட துன்பம் முழுவதையும் சாகா பட்டார் என்று கூறுவது பொருந்தாது. அத்துன்பத்தின் ஒரு பகுதியைத் தம் வாழ்விலேயே அவர் அறிந்திருந்தார் என்பதே சரியான கூற்றாகும்.

ஆசிரியர்கள் அவருடைய அறிவுக்கூர்மையைக் கண்டனர். மூத்த அண்ணன் ஜெயநாத் தம்பியின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று உறுதி கொண்டார். நடுநிலைப் பள்ளியோ ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவில் சிமுலியா என்னும் ஊரில் இருந்தது. அவ்வூர் மருத்துவர் அனந்த குமார் தாஸ் தம் வீட்டில் மேகநாத்துக்கு உணவும் உறைவிடமும் தர முன்வந்தார். மாட்டைப் பார்த்துக்கொள்வதும் சிறு சிறு வீட்டுவேலைகளைச் செய்வதும் அச்சிறுவரின் பொறுப்பாயின. சாதிக் கட்டுப்பாட்டின் காரணமாகத் தாம் உண்ட தட்டை அவர் தாமே கழுவி வைக்க வேண்டியிருந்தது. உதவியும் இழிவும் ஒரே வீட்டில் ஒன்றாகக் கிடைத்தன. அவர் உதவியைப் பற்றிக்கொண்டு படித்தார். நடுநிலைத் தேர்வில் டாக்கா மாவட்டத்திலேயே முதல் மாணவராகத் தேறி, மாதம் 4 ரூபாய் உதவித்தொகை பெற்றார்.

1905ஆம் ஆண்டில் டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். அவ்வாண்டிலேதான் ஆங்கில அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. ஆளுநர் பள்ளியைப் பார்வையிட வந்தபோது மாணவர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதில் பங்கு கொண்டமைக்காக மேகநாத் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் பறிபோயிற்று. பின்னர் கிஷோரிலால் ஜூபிலி பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது.

டாக்காவில் பயின்ற அந்நாட்களில் அவருடைய படிப்பு எவ்வாறு நடந்தது என்பதை நம் சங்கத்தார் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். சணல் நிறுவனம் ஒன்றில் மாதம் 20 ரூபாய் ஊதியம் பெற்ற அண்ணன், அதிலிருந்து 5 ரூபாயைத் தம்பிக்கு அனுப்பினார். கிழக்கு வங்காள வைசிய சமிதி என்னும் சமூகச் சங்கம் மாதந்தோறும் 2 ரூபாய் வழங்கியது. அந்த இரண்டு ரூபாயைத் திரட்டித் தந்தவர்கள், ஞாயிற்றின் ஒளியைப் படிக்கப்போகும் ஒருவரை நாம் வளர்க்கிறோம் என்று அன்று எண்ணியிருக்க மாட்டார்கள். 1909ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வில் அவர் கிழக்கு வங்காள மாணவருள் முதல்வராகத் தேறினார்.

கல்லூரியும் விடுதியும்

1911இல் மேகநாத் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சத்தியேந்திரநாத் போஸ் உடன்பயின்ற நண்பர். கணிதத்தில் 1913இல் இளங்கலைப் பட்டமும், 1915இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். இரு தேர்விலும் சத்தியேந்திரநாத் முதலிடமும் மேகநாத் இரண்டாமிடமும் பெற்றனர்.

அறிவில் இவ்வாறு ஒப்ப நின்றவர்க்கு உணவுக்கூடத்தில் ஒப்ப அமரும் இடம் கிடைக்கவில்லை. அவர் தங்கியிருந்த ஈடன் இந்து விடுதியில், தங்களோடு ஒரே கூடத்தில் அவர் உண்பதை மேல்சாதி மாணவர் சிலர் எதிர்த்தனர். கலைமகள் பூசையின்போது மேடையேறி மலரிடவும் அவரை விடவில்லை. கல்வித் தெய்வத்தின் முன்னிலையிலேயே கல்வியிற் சிறந்தவரைத் தள்ளி நிறுத்தியது அக்காலத்துச் சாதி வெறி. அவர் விடுதியை விட்டு வெளியேறி, வேறிடத்தில் தங்கிப் படிப்பைத் தொடர்ந்தார்.

அவர் மாணவராயிருந்த அந்த ஆண்டுகளில்தான் அணுவைப் பற்றிய புதிய அறிவு உலகில் தோன்றிக்கொண்டிருந்தது. அவர் கல்கத்தாவுக்கு வந்த 1911ஆம் ஆண்டில் ரூதர்போர்டு அணுவின் நடுவே கரு உண்டென்று அறிவித்தார். அவர் இளங்கலைப் பட்டம் பெற்ற 1913ஆம் ஆண்டில் நீல்ஸ் போர் எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளைப் பற்றிய கொள்கையை வெளியிட்டார். இனி அந்த அணுவைச் சற்று அறிந்துகொள்வோம்.

அணு என்பது யாது?

இளம்பிள்ளைக்கு அருகே கஞ்சமலை நிற்கிறது. அதன் கற்களில் இரும்பு கலந்திருப்பதை நாம் அறிவோம். மலையடி மண்ணில் காந்தத்தை இழுத்துச் சென்றால் கருந்துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். அக்கற்களிலிருந்து பிரித்தெடுத்த தூய இரும்பை இரண்டாக்கி, அதில் ஒன்றை மீண்டும் இரண்டாக்கி, இவ்வாறே பிளந்துகொண்டு போவதாக எண்ணிக்கொள்வோம். இதற்கு மேல் பிளந்தால் இரும்பு இரும்பாக இராது என்னும் எல்லை ஒன்று வரும். அந்த எல்லையில் நிற்கும் மிகச் சிறிய துகளே இரும்பின் அணு. கோடிக்கணக்கான அணுக்களை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு சென்டிமீட்டர் நீளம் நிரம்பும்.

அணுவின் நடுவில் இருப்பது அணுக்கரு. அதில் நேர்மின்னூட்டமுள்ள புரோட்டான்களும் மின்னூட்டமற்ற நியூட்ரான்களும் உள்ளன. கருவுக்கு வெளியே எதிர்மின்னூட்டமுள்ள எலக்ட்ரான்கள் உள்ளன. புரோட்டானின் நிறை எலக்ட்ரானின் நிறையைப் போல் ஏறத்தாழ 1836 மடங்கு. ஆகவே அணுவின் நிறை பெரும்பாலும் கருவிலேயே அடங்கியுள்ளது. ஆயினும் அக்கருவின் குறுக்களவு அணுவின் குறுக்களவில் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் நூறாயிரத்தில் ஒரு பங்குக்கும் இடைப்பட்டதே.

எந்தத் தனிமம் என்பதை முடிவு செய்வது புரோட்டான்களின் எண்ணிக்கை. ஹைட்ரஜனுக்கு 1, சுண்ணாம்பிலுள்ள கால்சியத்துக்கு 20, இரும்புக்கு 26, அசல் ஜரிகையிலுள்ள வெள்ளிக்கு 47. பாவும் ஊடையுமாகிய நூலைக் கொண்டே, எண்ணிக்கையையும் அமைப்பையும் மாற்றிப் பலவகைச் சேலைகளை நம்மவர் நெய்கின்றனர். அதுபோல மூன்று வகைத் துகள்களைக் கொண்டே எல்லாத் தனிமங்களின் அணுக்களும் அமைகின்றன. இயல்பான அணுவில் புரோட்டான்களின் எண்ணிக்கையும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் சமமாக இருக்கும். ஆகவே அணு மின்னூட்டமற்று நிற்கும்.

பொருளின் நிலைகள்

பனிக்கட்டி திண்மம்; அது உருகினால் திரவம்; கொதித்தால் வாயு. மூன்றிலும் இருப்பது ஒரே நீர்தான். துகள்களின் நெருக்கமும் அசைவும் மட்டுமே மாறுகின்றன. இம்மூன்று நிலைகளையும் நாம் தொடக்கப் பள்ளியிலேயே கற்கிறோம்.

வாயுவை மேலும் மேலும் சூடாக்கினால் என்ன நேரும்? துகள்கள் கடும் வேகத்தில் ஒன்றோடொன்று மோதும். அம்மோதலில் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரான் தெறித்து வெளியேறும். எலக்ட்ரானை இழந்த அணு நேர்மின்னூட்டம் பெறும். அதற்கு அயனி என்று பெயர். இந்நிகழ்ச்சியே அயனியாக்கம். அயனிகளும் தனித்த எலக்ட்ரான்களும் கலந்து நிற்கும் நிலையைப் பிளாஸ்மா என்பர். இதனைப் பொருளின் நான்காம் நிலை என்பதும் வழக்கம். மின்னலில் அந்நிலையைக் காண்கிறோம். குழல்விளக்கின் உள்ளே மின்சாரத்தால் அந்நிலை உண்டாகிறது. ஞாயிறும் விண்மீன்களும் பெரும்பாலும் அந்நிலையிலேயே உள்ளன.

இன்னும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். அடுப்புத் தீயில் உப்புத் தூள் விழுந்தால் சுடர் மஞ்சளாகும். உப்பிலுள்ள சோடியம் தரும் ஒளி அது. ஒவ்வொரு தனிமத்தின் வாயுவும் தனக்கே உரிய நிறங்களில் ஒளியை வெளியிடும். அந்நிறங்களையே உட்கொள்ளவும் செய்யும். ஒளியைப் பிரித்து நிறமாலையாக விரித்தால் அவை கோடுகளாகத் தெரியும். எலக்ட்ரானை இழந்த அயனியின் கோடுகளோ, இழவாத அணுவின் கோடுகளிலிருந்து வேறுபட்டவை. ஆகவே நிறமாலையைப் படிக்கத் தெரிந்தவர், கைக்கு எட்டாத பொருளில் என்ன தனிமம் உள்ளது, அது எந்த நிலையில் உள்ளது என்று கூற முடியும்.

ஞாயிற்றில் உள்ள கால்சியம்

1910களின் இடைப்பகுதியில் மேகநாத் கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியற் கல்லூரியில் ஆசிரியரானார். அரசின் நிதித்துறைத் தேர்வை எழுத அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. கணிதம் கற்றிருந்த அவர் இயற்பியலைத் தாமே கற்றுக்கொண்டு கற்பித்தார். ஜெர்மன் மொழி அறிந்திருந்தமையால் அம்மொழி நூல்களை நேரே படித்தார். ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளைச் சத்தியேந்திரநாத்துடன் சேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1920இல் அப்பெயர்ப்பைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

அக்காலத்தில் ஞாயிற்றைப் பற்றிய ஒரு புதிர் அறிஞர்களைக் குழப்பியது. முழுச் சூரிய கிரகணத்தின்போது ஞாயிற்றின் விளிம்பில் செந்நிறமான மெல்லிய உறை ஒன்று தெரியும். அதற்கு நிறமண்டலம் என்று பெயர். அதன் மிக உயர்ந்த பகுதியிலும் கால்சியத்தின் ஒளி காணப்பட்டது. ஆனால் அது முழு அணுவின் ஒளியன்று, ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சிய அயனியின் ஊதா ஒளி. நம் கோடைக்கானல் வானாய்வகமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நெடுங்காலம் அந்த ஊதா ஒளியில் ஞாயிற்றைப் படமெடுத்து வந்தது. உயரத்தில் அயனியே ஏன் மிகுதியாகத் தெரிகிறது என்பதை வெப்பத்தை மட்டும் கொண்டு விளக்க இயலவில்லை.

வெப்பத்தோடு அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று மேகநாத் கண்டார். நெருக்கடி மிகுந்த சந்தைத் தெருவில் ஒருவரையொருவர் இடிக்காமல் நடக்க இயலாது. அறுவடை முடிந்த அகன்ற காட்டிலோ இருவர் எதிர்ப்படுவதே அரிது. அழுத்தம் மிகுந்த இடத்தில், அணுவை விட்டுப் பிரிந்த எலக்ட்ரான் விரைவில் ஓர் அயனியை எதிர்ப்பட்டு மீண்டும் சேர்ந்துவிடும். அழுத்தம் குறைந்த உயரத்தில் துகள்கள் அடர்த்தியின்றி இருப்பதால் அது நெடுநேரம் தனித்தே திரியும். ஆகவே அங்கே அயனிகள் மிகும். வெப்பம், அழுத்தம், எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றல் ஆகியவற்றைக் கொண்டு, எத்தனை பங்கு அணுக்கள் அயனியாகும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை அவர் வகுத்தார். 1920இல் இங்கிலாந்தின் அறிவியல் இதழொன்றில் அது வெளிவந்தது. இன்று உலகெங்கும் அதனைச் சாகா சமன்பாடு என்றே கற்பிக்கின்றனர். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

விண்மீன்களின் உறவு

விண்மீன்களுள் சில நீலம், சில வெண்மை, சில மஞ்சள், சில சிவப்பு. அவற்றின் நிறமாலைக் கோடுகளும் வேறு வேறு. ஒன்றில் ஹைட்ரஜன் கோடுகள் மிகுதி. மற்றொன்றில் உலோகக் கோடுகள் மிகுதி. பார்த்த அளவில் அவை வெவ்வேறு பொருள்களால் ஆனவை போலத் தோன்றும். அவ்வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் வெப்பநிலையே என்பதைச் சாகாவின் கணக்கு நிறுவியது. ஏறத்தாழ 3000 பாகை வெப்பமுள்ள செவ்விண்மீனில் அணு முழுமையாக நிற்கும். 30,000 பாகை வெப்பமுள்ள நீலவிண்மீனில் அதுவே எலக்ட்ரான்களை இழந்து நிற்கும். தனிமம் அதுவேதான், நிலைதான் வேறு.

அவருடைய கொள்கை சோதனையிலும் வென்றது. ஞாயிற்றின் பொது ஒளியில் தென்படாத ருபீடியம், சுற்றுப்புறத்தைவிட வெப்பம் குறைந்த சூரியப் புள்ளிகளில் தெரிய வேண்டும் என்று அவர் முன்னறிவித்தார். அமெரிக்க அறிஞர் ரஸ்ஸல் பின்னர் அதனைக் கண்டார். 1925இல் செசிலியா பெயின் என்னும் இளம்பெண், சாகாவின் முறையைக் கொண்டு, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று கணக்கிட்டார். மூத்த அறிஞர்கள் முதலில் அதனை ஏற்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் அதுவே உண்மையென உறுதியாயிற்று.

வேற்றுமை பொருளில் இல்லை, அது நிற்கும் நிலையில் உள்ளது என்னும் இச்செய்தி விண்மீனைப் பற்றியது. அறிவியல் முடிவை அப்படியே சமூகத்துக்கு ஏற்றிக் கூறுதல் தகாது என்பதை நாம் அறிவோம். எனினும் விடுதியில் தள்ளிவைக்கப்பட்ட ஒருவரின் அறிவிலிருந்து இவ்வுண்மை பிறந்தது என்பதை எண்ணிப் பார்க்காமல் கடந்து செல்ல நம்மால் இயலவில்லை. அவர் கழுவி வைத்த தட்டும், மற்றவர் உண்ட தட்டும் ஒரே வகை அணுக்களால் ஆனவையே.

நாட்டுப்பணி

இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் சிறிது காலம் ஆராய்ச்சி செய்து திரும்பிய சாகா, 1923 முதல் 1938 வரை அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். 1927இல் இலண்டன் அரசர் கழகம் அவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் பலமுறை முன்மொழியப்பட்டும் பரிசு கிட்டவில்லை. 1938இல் கல்கத்தாவுக்குத் திரும்பினார். அங்கே அவர் உருவாக்கிய அணுக்கரு இயற்பியல் நிலையத்தை 1950 சனவரி 11ஆம் நாள் மேரி கியூரியின் மகளார் ஐரீன் ஜோலியோ கியூரி திறந்து வைத்தார். இன்று அது சாகாவின் பெயராலேயே வழங்குகிறது.

வெள்ளம் சூழும் நாட்டில் பிறந்த அவர் ஆறுகளைப் பற்றி ஆழ்ந்து எழுதினார். 1943இல் தாமோதர் ஆறு பெருகி அழிவு செய்தபின் அமைந்த விசாரணைக் குழுவில் அவரும் உறுப்பினர். வைசிராயின் நிர்வாக சபையில் அந்நாட்களில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்தவர் அண்ணல் அம்பேத்கர். தாமோதர் திட்டத்தை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் தோன்றியது. அண்ணல் 1891இல் பிறந்தவர், சாகா 1893இல் பிறந்தவர். இருவரும் 1956இலேயே மறைந்தனர். சாதி தடுத்தும் கற்ற இருவருடைய அறிவும் ஓர் ஆற்றின் கரையில் ஏழை மக்களுக்காக ஒன்றுசேர்ந்தது.

1952 பொதுத் தேர்தலில் சாகா கல்கத்தாவிலிருந்து போட்டியிட்டு மக்களவைக்குச் சென்றார். அகதிகள் நலம், கல்வி, தொழில் வளர்ச்சி ஆகியவற்றுக்காக அங்கே குரல் கொடுத்தார். நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் அவரே தலைவர். அக்குழு வகுத்த தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனைக் காண அவர் இல்லை. 1956 பிப்ரவரி 16ஆம் நாள், தில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் உயிர் நீத்தார்.

நாம் கொள்ள வேண்டியது

சாகாவின் அறிவு அவருக்கே உரியது. ஆனால் அவ்வறிவு வெளிப்பட ஓர் ஆசிரியரின் கண்ணும், ஓர் அண்ணனின் ஐந்து ரூபாயும், ஒரு மருத்துவர் வீட்டின் உணவும், ஒரு சமூகச் சங்கத்தின் இரண்டு ரூபாயும் தேவைப்பட்டன. அவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் சியோரத்தலிக் கடையிலேயே நின்றிருக்கக் கூடும். வெப்பம் மட்டும் போதாது, அழுத்தமும் குறைய வேண்டும் என்று அவர் அணுவைப் பற்றிக் கண்டறிந்தது நம் பிள்ளைகளுக்கும் பொருந்துவதாகவே தோன்றுகிறது. பிள்ளைகளிடம் ஆர்வம் உண்டு. கட்டணமும் கடனும் வீட்டு வேலையுமாகிய அழுத்தத்தைக் குறைப்பதே சங்கத்தின் கடமை.

இளைஞர்களே, அறிவியல் நமக்கு எட்டாதது என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். கஞ்சமலை மண்ணில் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள். அதில் ஒட்டும் இரும்பே ஞாயிற்றிலும் உள்ளது. பெரியோர்களே, நம் ஊரில் கணிதத்திலும் அறிவியலிலும் ஆர்வமுள்ள பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், பத்தாம் வகுப்போடு தறிக்கோ கூலிக்கோ போய்விடாமல் காப்பதை வரும் ஆண்டுகளின் முதற்பணியாகக் கொள்வோம். ஒவ்வோர் உறுப்பினரும் மாதந்தோறும் தரும் தொகை சிறிதாயிருக்கலாம். அது தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.